ஆண்டறிக்கை, மூன்றாம் வரைவு

இந்த ஆண்டு நமது கலைவிழாவை
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்
என்று தட்டிவிட்டு
அடுத்த வரிக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ணியது பஞ்சவர்ணம்.
ஏஜென்சி கொடுத்த நீலச்சட்டை, ஆண் அளவு,
கைமடிப்பில் இரண்டு ஊக்கு.
கீழமாசி வீதியில் பருத்திக் கிட்டங்கி வாசலில் நின்று
கட்டைவிரலால் கிளிக், கிளிக்.
மழைக்கு ஒதுங்கியவர்களுக்கும் கிளிக்.
மிளகாய் மூட்டை இறக்கிவிட்டு
ஃபேனுக்கு அடியில் நின்று
சுவரில் ஓடிய வீடியோவைத் தும்மிக்கொண்டே
முழுதாகப் பார்த்தவர்களுக்கும்.
தினம் ஐந்து தடவை வந்த டவுசர் பையன்
ஐந்து பேராகவே கணக்கில் நிற்கிறான்.
கழிக்கணுமா என்றார் பொருளாளர் துளசிராம்.
வேண்டாம் என்றேன்.
ஒவ்வொரு தடவையும் அவன்
வேறு அறைக்குத்தான் போனான்.

அடுத்தது: இழப்புகள்.

யானைக்கல் பாலத்துக்குக் கீழே
ஜெசிந்தா மணலில் பதித்த காதுகள்.
செல்லூர்க்காரர்கள் இருநூற்று நாற்பது பேரின்
இடது காதை அச்செடுத்து
வைகை வருகிறதா என்று கேட்க வைத்திருந்தாள்.
வியாழக்கிழமை காலை என்றார்கள்.
புதன் இரவே வந்துவிட்டது.
அழகருக்காகத் திறந்த தண்ணீர்
காதுகளைக் கேட்டுக்கொண்டா வரும்?
நாங்கள் டார்ச் அடித்து நின்றோம்.
அவள் மட்டும் சிரித்தாள்,
பிறகு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

காப்பீட்டுக்காரர்கள் வெள்ளச் சான்று கேட்டார்கள்.
அலுவலகத்தில் சொன்னார்கள்:
திறந்துவிட்டது வெள்ளம் ஆகாதும்மா.
எண்பத்து நாலாயிரம் ரூபாய்.
ஆற்றில் சுண்ணாம்பைக் கொட்டினீர்கள்
என்று ஒருவர் எழுதிய கடிதமும் கோப்பில் இருக்கிறது.
அவர் சொன்னதில் பாதி சரி.
எந்தப் பாதி என்று செயற்குழு
இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு போன்.
விரகனூர் மதகுக்கிட்ட
உங்க காது ஒண்ணு கெடக்கு, வந்து எடுத்துக்கங்க.
போனேன்.
மடலில் ஒரு கம்மல் துளை இருந்தது.
யாருடையது என்று
செல்லூரில் தெருத்தெருவாகக் கேட்டோம்.
ஏழு பேர் தன்னுடையது என்றார்கள்.

அடுத்தது: பொதுமக்கள் பங்கேற்பு.
இந்த இடத்தில்தான் இரண்டு வரைவும் கெட்டது.

நிரஞ்சனின் படைப்பில் ஆறு நாற்காலிகள்.
உட்காராதீர்கள் என்று பலகை.
ஒன்பதாம் நாள் மாலை
பஞ்சவர்ணம் மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டாள்.
கல்லூரிப் பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள்.
ஒருவன் கைதட்டினான்.
பரோடாவிலிருந்து நிரஞ்சன் போனிலேயே நெகிழ்ந்தான்:
இனி அவர் இல்லாமல் இந்தப் படைப்பு முழுமையாகாது.
அவளிடம் சொன்னேன்.
"காலு கடுத்துச்சுக்கா, அம்புட்டுத்தேன்."

வரவுசெலவைப் புரட்டினேன்.
விளக்குகளுக்கு இரண்டே கால் லட்சம்.
விருந்தினர் காபிக்குப் பதினெட்டாயிரம்.
பன்னிரண்டு மணி நேரம் நிற்பவளுக்கு
ஒரு நாற்காலி என்று எந்த வரியிலும் இல்லை.

முதல் வரைவில் எழுதியிருந்தேன்:
பார்வையாளருக்கும் படைப்புக்கும் இடையிலான எல்லை
தன்னிச்சையாக உடைந்தது.
இரண்டாவதில் அடித்தேன்.
இப்போது இவ்வளவுதான்:
பத்தாம் நாள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று,
அறுநூற்று ஐம்பது ரூபாய். ரசீது இணைப்பு.

நிதி தருகிறவர்களுக்கு இது போதாது.
தாக்கம் என்ற கட்டத்தில்
ஐந்நூறு சொற்கள் காலியாகக் கிடக்கின்றன.

நேற்று பஞ்சவர்ணம் கூப்பிட்டாள்.
விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் இப்போது வேலை,
அங்கே உட்காரவே விடுவதில்லையாம்.
கிளிக்கர் அவளிடமே தங்கிவிட்டதாம்,
கொண்டுவந்து தரவா என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி:
"கடைசி நாளு எல்லாரும் போனப்புறம்
நான் ஒருக்க உள்ள போயி சுத்திப் பாத்தேன்க்கா.
அதுக்கும் ஒண்ணு அமுக்கிட்டேன்.
தப்பா?"

துளசிராமிடம் சொல்லவில்லை.
மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது,
தாள்களின் மேல்
கம்மல் துளையுள்ள அந்தக் காதை வைத்திருக்கிறேன்.