ஏழு மில்லிமீட்டர்

ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு.
நாலு நிமிடம் மெல்லக் கிண்டச் சொன்னார்
டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர்.
உள்ளே எதைப் போடப் போகிறேன் என்று கேட்கவில்லை.

தவமணியின் சிறுநீரகக் கல்.
மூன்று இரவு செல்லூரையே எழுப்பியது.
ஆஸ்பத்திரியில் குப்பியில் போட்டுத் தந்தார்கள்,
சுண்டல் கடலைக்கும் சின்னது.
"இதுக்கா?" என்றேன்.
இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை அவர்.

எண்ணெய் தடவிய ஊறுகாய்க் கிண்ணத்தில்
பாதி ஊற்றி, இறுகவிட்டு,
கல்லை வைத்து மிச்சத்தை ஊற்றினேன்.
குமிழிகளைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருக்கையில்
கரண்ட் போனது.

விடிந்து பார்த்தால்
கல்லுக்குப் பக்கத்தில் ஓர் எறும்பு,
ஒரு காலைத் தூக்கியபடி.
அதன் தலைக்கு மேல் ஒரே ஒரு குமிழி.
இருட்டில் குனிந்து பார்த்த
எங்கள் இருவரில் யார் விட்ட மூச்சோ.

இப்போது பத்திர ஆபீஸ் எதிரே
என் ஜெராக்ஸ் கடையில், காற்றாடிக்குக் கீழே,
ஊரார் வில்லங்கச் சான்றுகள்மேல்
உட்கார்ந்திருக்கிறது.
புஷ்பராகமா என்கிறார்கள்.
எறும்பு என்கிறேன்.

டீ கொண்டுவந்த தவமணி
உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.
"உள்ள இருந்தப்ப
இன்னும் கனம்."