இரண்டு பக்கமும் திரும்பிய தடம்

உனக்கு அங்கே இரவு எட்டு.
எனக்கு இங்கே மாலை நாலரை,
சீலநாயக்கன்பட்டி புறவழிச்சாலையில்
லாரி புக்கிங் ஆபீஸ் மின்விசிறி
சுற்றுக்கு ஒருமுறை முனகும் நேரம்.

சித்தா என்று ஓர் ஊராம்.
"சித்தா வந்துவிட்டேன், லேகியம் ஏதாவது வேண்டுமா?"
என்று நேற்று எழுதியிருந்தாய்.
அதைத் தாண்டினால்
விரல் அகலத்துக்கு ஊரே கிடையாது.
பச்சை, மறுபடி பச்சை,
நடுவில் கோணலாக எடுத்த வகிடுபோல் சாலை.

பதினோரு வருடம் சேர்ந்து போட்ட திட்டம்.
அயோத்தியாப்பட்டணம் ரயில்வே கேட்டில்
ஸ்கூட்டியோடு என் முழங்கால் சில்லும் உடைந்தபோது
"நீ போ" என்றேன்.
நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று
ஒருமுறையாவது கேட்பாய் என்றிருந்தேன்.
கேட்கவில்லை.
சரி, அது கிடக்கட்டும்.

இரவில் நீ படுக்க இடம் தேடுவது என் பொறுப்பு.
முதல் வாரம் நட்சத்திரம் எண்ணித் தேடினேன்.
நாலரை நட்சத்திர விடுதிக்கு
நீ போய்ச் சேர்ந்தபோது
கதவும் இல்லை, கூரையும் இல்லை,
வரவேற்பறையில் ஒரு நாய் மட்டும்
பணியில் இருந்ததாம்.

இன்றைக்கு மாதையன்
இந்தூருக்கு ஜவ்வரிசி ஏற்றக் காத்திருந்தவர்
டீ கிளாஸோடு என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
"எந்த ஊர் ரோடுங்க மேடம்?"
"ரஷ்யா."
"அங்கயும் லாரி நிக்குதே" என்றார்,
சொந்தக்காரரைக் கல்யாண ஆல்பத்தில் கண்டதுபோல.

வானத்திலிருந்து எடுத்த படம்.
லாரிகள் அதில் நொய்யரிசி.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
"ஒத்த லாரி நிக்கிற எடத்துல நிறுத்தச் சொல்லாதீங்க.
வண்டி ரிப்பேரா இருக்கும்,
இல்ல அவனே ரிப்பேரா இருப்பான்.
இது வேண்டாம். இதுவும் வேண்டாம்.
இந்தா, இங்க பாருங்க,
மண்ணுல தடம் வர்ற பக்கமிருந்தும் திரும்பியிருக்கு,
போற பக்கமிருந்தும் திரும்பியிருக்கு.
எதிர்ச்சாரியில போறவன்
ரோட்டைக் குறுக்க வெட்டிக்கிட்டு வர்றான்னா
கொழம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

இடத்தை அனுப்பினேன்.
வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து
"மூக்கை ரோட்டைப் பாத்து நிறுத்தச் சொல்லுங்க,
அவசரம்னா ரிவர்ஸ் எடுக்க நேரம் இருக்காது" என்றார்.
அதையும் எழுதினேன்.
ஒற்றை டிக் விழுந்தது.
அதோடு உன் சிக்னல் போயிற்று.

ஆறு மணி. ஆறரை.
ரசீதுப் புத்தகத்தில் மூட்டைக் கணக்கைத்
தப்பாகக் கூட்டினேன், இரண்டு தடவை.
ஏற்காட்டுக்கு ஏறும் வளைவுகளில்
விளக்குகள் தோன்றி, திரும்பி, மறைந்து
மேலே ஒரு சுற்றில் மறுபடி தோன்றின.
மறைந்த வண்டி மறுபடி வரும்வரை
ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்தேன்.
யார் வண்டியோ.

ஏழே முக்காலுக்கு வந்தது:
"இடம் கிடைத்தது. வேலிக்குள் பதினாறு லாரி.
குழம்பு இல்லை, பீட்ரூட் சூப்.
கேட்டுக்குச் சங்கிலி போடும் பெண்
டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.
பக்கத்து சீட்டில் உன் தலையணை,
பெல்ட் போட்டு வைத்திருக்கிறேன், உருளாமல் இருக்க.
யாரோ தூங்குவதாக நினைத்துக்கொண்டு
இரண்டு விரல் காட்டினாள்.
இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன்."

இதற்கு என்ன பதில் எழுதுவது?
"சூப்பில் உப்பு இருந்ததா?" என்று எழுதினேன்.

மாதையன் வண்டி இந்நேரம் தொப்பூர்க் கணவாயில்
கியரை மாற்றிக்கொண்டிருக்கும்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
காலை ஸ்டூலில் நீட்டி,
அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
ஏதோ ஒரு வருடத்துக் கோடையில் எடுத்த படம்,
நீ அதில் இருக்க வழியில்லை.
இருந்தாலும் எண்ணுகிறேன்.
பதினொரு லாரிகள்.
வேலியோரம், மூக்கு ரோட்டைப் பார்க்க,
இன்னொரு வண்டி நிற்க இடம் இருக்கிறது.