நான்காம் கேள்வி

முகாம், வான்கூவருக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில்.
பதினான்கு நாள். படகு, கீர்த்தனம், மேடைப்பேச்சு,
நாளைய தலைவர்களுக்கு இன்னும் என்னென்னவோ.
படிவத்தில் முதலில் பெயர்: நவ்ரூப் கவுர்.
இரண்டாவது, உங்கள் குருத்வாரா எது?
பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன்.
சர்ரே, சவுத்தால், யூபா சிட்டி, மெல்பர்ன்.
பணகுடி இல்லை.
'மற்றவை' என்று ஒன்று கிடந்தது. அதைத் தொட்டேன்.

மற்றவை என்றால்
காற்றாலைக் கம்பெனிக் குடியிருப்பில் கடைசி வீடு.
உயரமான அலமாரியில்
நீலத்துணி சுற்றிய சின்னப் பிரார்த்தனைப் புத்தகம்.
அதற்குக் குட்கா என்று பெயர்.
எட்டாம் வகுப்பில், பையில் என்ன என்று கேட்டதற்கு
அப்படியே சொல்லி
தலைமையாசிரியர் அறைவரை போய் வந்தேன்.

மூன்றாவது, மொழிகள்.
பஞ்சாபி: சுமார்.
சனிக்கிழமை விடியலில் பிராம்ப்டனிலிருந்து
செல்போனுக்குள் வருவார் ஆசிரியை.
மற்ற பிள்ளைகளின் பஞ்சாபியில் கனடா வாடை.
என்னுடையதில் நெல்லை இழுவை.
எனக்கு மட்டும் ஊடாவும் ஐடாவும்
வள்ளியூர் பஸ்ஸில் ஏறி வருகின்றனவாம்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
பிறகு, 'வாழைப்பழம்' சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன்.

நான்காவது:
நீங்கள் தலைமையேற்ற ஒரு தருணம்.
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.

இரண்டு நாள் இதிலேயே நிற்கிறேன்.

மார்கழி பிறந்த வாரம் ஆறு ஊருக்குள் வந்தது.
கம்பெனி வண்டியில் இரண்டு மூட்டைக் கோதுமை மாவு,
பெரிய அடுப்பு, அம்மா, அப்பா, நான்.
பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம்.
மேடையில் யாருடைய வரவேற்பிலோ மிஞ்சிய
தெர்மாகோல் இதயம், பாதி நனைந்து.
முந்நூறு ரொட்டி. ஒரு அண்டா பருப்பு.
பங்கத் என்றால் பந்தி.
இதற்கு மட்டும் அகராதி வேண்டியிருக்கவில்லை.

முதல் வரிசையில் ஓர் அக்கா ரொட்டியைத் தட்டிப் பார்த்தாள்.
'இதென்னட்டி, வரட்டி கணக்கா இருக்கு.
சோறு இல்லியா?'
இல்லை.
எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் உண்மை.
பசிக்கிறவரிடம் என்ன வேணும் என்று கேட்காமல்
பஞ்சாபையே சுட்டு அடுக்கிக் கொண்டுபோயிருந்தோம்.
ராத்திரி அரிசி தேடி அலைந்தது தனிக்கதை.

மண்டபத்தின் நடுவே துணி காயப்போட
ஒரு கொடி கட்டியிருந்தது.
சேலை, கைலி, பள்ளிக்கூட யூனிஃபார்ம்.
அதற்கு இந்தப்பக்கம் ஒரு தெரு. அந்தப்பக்கம் இன்னொரு தெரு.
வெள்ளம் இருவரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டுப்
போய்விட்டது.
பருப்பு வாளி இந்தப்பக்கம் ஆரம்பித்தால்
அந்தப்பக்கம் தட்டுகள் கவிழ்ந்தன.
அங்கே ஆரம்பித்தால் இங்கே.

ஒரு பெரியவர் அப்பாவை நிறுத்தினார்.
தலைப்பாகையிலிருந்து செருப்புவரை ஒரு தடவை பார்த்து,
'அண்ணாச்சி, நீங்க என்ன ஆளுக?'
பதினாறு வருஷம் ஆகியும் அப்பாவின் தமிழ்
அந்தக் கேள்விக்குள் இன்னும் போகவில்லை.
வேலையைக் கேட்கிறார் என்று நினைத்து
மேலே கைகாட்டிச் சொன்னார்:
'காத்தாடி ஆளுங்க.'

சிரிப்பு கொடிக்கு இரண்டு பக்கமும் கேட்டது.
அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.
மூன்று பிள்ளைகள் மட்டும் யூனிஃபார்முக்கு அடியில் குனிந்து வந்து
சீனி தூவிய ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு
திரும்பக் குனிந்து போனார்கள்.
கொடி நாலு நாளும் அப்படியே இருந்தது.
நான் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே எழுதுகிறேன்:
நான் தலைமையேற்கவில்லை. வாளி கனமாக இருந்தது.
உங்கள் பதினான்கு நாளில்
மேடையில் நடுங்காமல் பேசுவது எப்படி என்று இருக்கிறது,
படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்றும் இருக்கிறது.
ஈரத்துணியோடு ஒரு முடிச்சை
அவிழ்ப்பது எப்படி என்று
ஏதாவது ஒரு மத்தியானம் உண்டா?
இருந்தால் வருகிறேன்.

இன்னும் நிறையச் சொற்கள் மிச்சம் என்கிறது படிவம்.
வெளியே ஆடிக் காற்று.
அப்பா ஹெல்மெட்டுக்கு அடியில் பட்காவை இறுக்குகிறார்.