அடி

பண்ணைப் பாலம், விடிய நாலு ஐம்பது.
இரண்டு பக்கமும் கடல்நீர், காற்று விழுந்து கிடக்கிறது.
கேட்பதெல்லாம் என் குதி.
டப். டப். டப்.
மூன்றாவது விளக்குக் கம்பத்தடி நாய்
நான் இரண்டாவதை எட்டுமுன்னே எழும்பிவிடும்.

ஐம்பத்தெட்டுக் கிலோ நான்.
ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலுக்கும்
அதைப்போல் இரண்டரை மடங்கு
தார் றோட்டிலிருந்து திரும்பி மேலே வருகுதாம்.
கிளினிக்கில் சங்கீர்த்தனன்
துண்டின் பின்பக்கம் பேனையால் கோடு கீறினான்:
முதலில் ஊசிபோல் ஒரு கூர்,
பிறகு ஆறுதலாய் ஒரு மேடு.
"இந்தச் சின்னக் கூர்தான் அக்கா, உங்கட குதி.
ஐம்பது மில்லி செக்கனுக்குள்ள வந்திட்டுப் போயிடும்,
நோகுது எண்டு நீங்கள் அறிய முன்னம்."

வங்கிக் கவுண்டரில் பத்து மணிக்குள்
நான் வாங்குகிறவையும் அப்படித்தான்.
சொல்லவில்லை. கணுக்காலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சப்பாத்து, லுசேர்னிலிருந்து தம்பி அனுப்பினது.
குதியில் இரண்டு விரற்கடை நுரை.
'முகில்ல ஓடுற மாதிரி இருக்கும்' என்று
வொட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்.
முகில்தான்.
முகிலை நம்பினவள் முழங்காலை மடக்குவாளா?
காலை எட்ட எறிந்து, விறைப்பாய்,
கதவை உதைக்கிறவள்போல் இறங்கினேன்
ஒரு வருசமாய்.

மழை வெள்ளத்தில் சப்பாத்து ஊறிப்போன கிழமை
கொக்குவில் ஒழுங்கையில் வெறுங்காலோடு ஓடிப் பார்த்தேன்.
சல்லிக்கல் ஒன்று போதும்.
யாரும் சொல்லித் தராமலே எட்டு சிறுத்தது,
முன்பாதம் முதலில் நிலம் தொட்டது,
குதி பிறகு, விருந்தாளிபோல, கேட்டுக்கொண்டு இறங்கியது.
சத்தமே இல்லை.
வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வங்கிப் படிகளில்
கைபிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினேன், நண்டுபோல.
இரண்டு கெண்டைக்காலும் கல்.
பாரம் எங்கேயும் போகவில்லை,
விலாசத்தை மாற்றியிருக்கிறது.

பாதமும் அடி, பாதம் வைப்பதும் அடி,
வாங்கினாலும் அடி,
இதில் ஒரு வரி எழுதினால் அதுவும் அடி.
நிலம் என்னை அடிக்கிறதா, நான் நிலத்தையா?
இலக்கணத்தில் எழுவாய் வேறு, செயப்படுபொருள் வேறு.
பௌதிகத்தில் இரண்டுக்கும் ஒரே தொகை,
திசை மட்டும் எதிர்.

"சப்பாத்தையும் பேசாதேங்கோ, காலையும் பேசாதேங்கோ,"
என்றான் சங்கீர்த்தனன்.
"அடியைக் கிட்டக் கிட்ட வையுங்கோ.
சத்தத்தைக் கேளுங்கோ.
கெதியா மாத்த வெளிக்கிட்டால் வேற இடம் முறியும்."

இன்றைக்கு, அதே சப்பாத்து.
எட்டைக் குறுக்கி, முழங்காலைத் தளர்த்தி,
பாதத்தை இடுப்புக்குக் கீழே வைத்து வைத்து
மூன்றாவது கம்பத்தைத் தாண்டினேன்.
நாய் எழும்பவில்லை.
ஒரு காது மட்டும் அசைந்தது.

மண்டைதீவுச் சந்தியில் திரும்பி வருகையில்
களைத்துப் போனேன்.
டப். டப்.
தூரத்திலேயே எழும்பி நின்று
நன்றாய்க் குரைத்தது.