எண் நாற்பத்தொன்று

மாசியில் மழை வராது என்று
நோட்டீஸ் அடித்தவர்கள் நம்பியிருந்தார்கள்.
நானும்.
கோத்தகிரி மார்க்கெட்டைச் சுற்றி
ஒன்றேகால் கிலோமீட்டர், இருபது சுற்று,
வருஷத்தின் முதல் சைக்கிள் பந்தயம்.
டிசம்பரிலிருந்து என் கால்கள்
மின்கம்பம் ஏறியதைத் தவிர
பெரிதாக எதுவும் பழகியிருக்கவில்லை.

கோயம்புத்தூர்ப் பையன்கள் வேனிலிருந்து இறங்கி
சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள்.
அந்தச் சத்தமே என் மூன்று மாதச் சம்பளம்.
பக்கத்தில் ஹாலன், தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஆள்,
பால் கவரைக் கைகளில் மாட்டி
மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தான்.
"இன்னொரு ஜோடி இருக்குண்ணா."
வேண்டாம் என்றேன்.
நாலாம் சுற்றில் அதை நினைத்துக்கொண்டேன்.

முன்சக்கரம் வாரியடித்த தண்ணீர்
எல்லார் வாயிலும் ஒரே ருசி:
டீசல், சாணம், யாரோ துப்பிய வெற்றிலை.
டானிங்டன் வளைவில்
கேரட் லாரிகள் விடிகாலையில் சிந்திப்போன செம்மண்
சோப்பாகியிருந்தது.
பிரேக்கைப் பிடித்து மூன்று எண்ணவேண்டும்,
அப்புறம்தான் சக்கரத்துக்குக் காது கேட்கும்.
வெலிங்டன் பட்டாளத்துக்காரர் ஒருவர் அங்கே படுத்தார்.
அவர்மேல் இரண்டு பேர்.
வைக்கோல் கட்டுக்கும் அவர் ஹெல்மெட்டுக்கும் நடுவே
நான் புகுந்து போனதைத் திறமை என்றார்கள்.
பயத்தில் கண்ணை மூடியிருந்தேன்.

பிறகு ஆலங்கட்டி.
தலைக்குமேல் பொரி வறுக்கும் சத்தம்.
மாதா கோயில் ஏற்றத்தில்
எனக்கு முன்னாலிருந்த பின்சக்கரம்
ஒரு கை தூரம்,
ஒரு ஆள் தூரம்,
ஒரு செருப்புக்கடை தூரம்,
பிறகு மூடுபனி.

தனியாகச் சுற்றுவதில் ஒரு வசதி உண்டு.
முன்னால் ஒருவரும் தெரியவில்லை என்றால்
முதலில் போவது நாம்தான் என்று எண்ணிக்கொள்ளலாம்.
இரண்டு சுற்று அப்படியும் எண்ணினேன்.
பேக்கரி வாசலில் ஒதுங்கியவர்கள் கைதட்டினார்கள்,
அவர்களுக்கும் தெரியாது.

பதினோராம் சுற்றில் மைக் செட் செத்தது,
பாதி வாக்கியத்தில்.
பேக்கரி, மார்க்கெட், கோயில் சீரியல் பல்பு
எல்லாம் ஒன்றாய்.
முதுகுப் பையில் போன் அதிரத் தொடங்கியது.

மழையில் நின்ற அத்தனை பேரிலும்
எனக்கு மட்டும் தெரியும்:
கட்டபெட்டு ஃபீடர், பள்ளத்துச் சில்வர் ஓக்,
கம்பியில் சாய்ந்த கிளை.
போன வாரமே வெட்டியிருக்கவேண்டும்.
நான்தான் வெட்டியிருக்கவேண்டும்.
அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது.
குன்னூர் வரை மிதித்துவிட்டு வந்தேன்.

போன் அதிர்கிறது, நிற்கிறது, அதிர்கிறது.
ரெபெக்கா டீச்சர் பள்ளிக்கூட மணியைத் தூக்கிவந்து
குடைக்குள் நின்று அடிக்கிறார், சுற்றுக்கு ஒரு தரம்.
யாருடைய சுற்றுக்கு என்று கேட்கமுடியாத வேகம்.
பின்னாலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்,
கண் மட்டும் மிச்சமிருக்கும் முகங்கள்.
அதில் ஒருவன் ஹாலன்,
பால் கவர் கிழிந்து விரலுக்கு விரல் கொடி.
"ஒட்டிக்கண்ணா!"

ஒட்டினேன்.
அரைச் சுற்று.
டானிங்டன் வளைவில் அவர்கள் சாய நானும் சாய்ந்தேன்,
ஆறு முதுகு, ஒரே சரிவு,
ஒருவரும் பிரேக்கைத் தொடவில்லை.
இந்த வருஷம் இதுபோதும் என்று
ஏற்றம் தொடங்குமுன்பே தெரிந்தது.

மணி விடாமல் அடித்தபோது அவர்களுக்குக் கடைசிச் சுற்று.
எனக்கு இன்னும் இரண்டு பாக்கி.
கொடி பிடித்த பையன் "போதும்ணா" என்றான்.
நிற்காமல் கட்டபெட்டு ரோட்டில் திருப்பினேன்.

ஜீப் அங்கே நின்றது. லைன் கிளியர் வாங்கியிருந்தார்கள்.
ஏணி, பெல்ட், ரப்பர் கையுறை.
உள்ளே போக விரல்கள் மறுத்தன.
ஹெல்பர் மாதன் ஒவ்வொன்றாய்ப் பிடித்து நுழைத்தான்,
குழந்தைக்குச் செய்வதுபோல்,
திட்டிக்கொண்டே.

பாதிக் கம்பத்தில் இருந்தபோது கேட்டான்:
"எத்தனாவது?"
முதுகில் நாற்பத்தொன்று,
ஒரு ஊக்கு கழன்று
காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.
கிளையை வெட்டினேன். விழ நேரம் பிடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, கீழே ஊருக்குள்,
மைக் செட் ஒருமுறை இருமியது.
ஹலோ என்றது.
மறுபடியும், ஹலோ.