ஐந்து நிமிட விதி

சனிக்கிழமை என் முறை.
கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி
சங்கிலியில் கோத்த சாவிக்கொத்தை வாங்கிக்கொள்கிறேன்.
நடைவாசல்களுக்கான சாவிகள். அறைகளுக்கு இல்லை.
சம்பளமும் இல்லை. பேருந்துக் காசு தருவார்கள்,
சீட்டை ஒட்டி அனுப்பினால்.

வாரநாளில் நான் சிப்ஸ் ஆலையில் எடை பார்ப்பவள்.
ஒரு பொட்டலம் இரண்டு கிராம் குறைந்தால்
சிவப்புப் பொத்தானை அமுக்குவேன், பெல்ட் நிற்கும்,
லெஸ்டரின் உருளைக்கிழங்கெல்லாம் எனக்காகக் காத்திருக்கும்.
இங்கே என்னிடம் இருப்பது ஒரு நோட்டு.
அது எதையும் நிறுத்தாது.

பி பிரிவு, மூன்றாம் தளம், பதினேழாம் அறை.
கெல்வின் ப்ராட்ஹர்ஸ்ட்
கதவிடுக்கில் வாய் வைத்துப் பேசுகிறார்.
வாயில் பல் இல்லை.
மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும்
பழைய சிறையில், முத்திரையிட்ட ஒரு பையில்,
இடுப்பு வாரோடும் மகளின் கல்யாணப் படத்தோடும்
நான்கு மாதமாகக் கிடக்கின்றன.
ஐந்து மனு போட்டாராம்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
"பல் மருத்துவரிடம் பதிந்துகொள்ளவும்."
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
ரொட்டியை டீயில் நனைத்துத் தின்கிறேன் என்று அவர் சொன்னதை
மூன்று முறை கேட்டுத்தான் எழுதினேன்.

மணியைப் பற்றியும் சொன்னார்.
அமுக்கினால் யாரும் வருவதில்லை.
ஐந்து நிமிடத்துக்குள் வர வேண்டும், அது விதி.
"அமுக்குங்கள்" என்றேன்.
கதவின் மேல் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.
நான் படிக்கட்டுத் திருப்பத்தில் போய் நின்றுகொண்டேன்,
என்னைப் பார்த்து யாரும் ஓடி வந்துவிடக் கூடாதென்று.

10.42.
யாரோ யாரையோ ஜன்னல் வழியே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
10.47. ஐந்து ஆயிற்று.
தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே கட்டிய வலையில்
ஒற்றைச் செருப்பு. போன வாரமும் அங்கேதான் கிடந்தது.
10.53.
பள்ளியில் ஆராய்ச்சி மணி பற்றிப் படித்திருக்கிறேன்.
கயிற்றை இழுத்தது பசு. ராஜா இறங்கி வந்தார்.
எத்தனை நிமிடத்தில் வந்தார் என்று
பாடத்தில் இல்லை.
11.00. இன்னும் இரண்டு விளக்குகள்.
11.05.

வந்தவள் ஆஷ்லின். இருபத்தொரு வயது,
போன வசந்தம் வரை காலணிக் கடையில் வேலை.
அறுபத்தெட்டுப் பேருக்கு இன்று அவளும் இன்னொருவரும்;
இன்னொருவர் ஆஸ்பத்திரிக் காவலுக்குப் போய்விட்டார்.
அவளுக்கு மூச்சு வாங்கியது.
"எழுதுங்க" என்றாள், என் நோட்டைப் பார்த்து.
"தயவுசெய்து எழுதுங்க."

எழுதினேன். இருபத்து மூன்று நிமிடம்.
குழுத் தலைவி ஹிலரி, ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியை, நல்லவர்,
ஆண்டறிக்கையில் அதைத் திருத்தினார்:
"அழைப்பு மணிகளுக்குப் பதிலளிப்பதில்
சில வேளைகளில் தாமதம் காணப்பட்டது."
யார் கண்டது? எந்த வேளை?
அந்த வாக்கியத்துக்கும் பல் இல்லை.
சண்டை போட்டேன். எண் திரும்பி வந்தது,
அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில்.

பைக்காக ஏழு மின்னஞ்சல், நான்கு தொலைபேசி.
ஆறாவது சனிக்கிழமை வரவேற்பறை மேசையில் பை!
முத்திரை உடையவில்லை. பிளாஸ்டிக் வழியே
இளஞ்சிவப்பாய் ஈறு தெரிந்தது.
அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை.
ஓடினேன் என்று சொல்ல முடியாது;
சாவி குலுங்க வேகமாக நடந்தேன்.

பதினேழில் மெத்தை சுருட்டியிருந்தது.
வியாழன் விடிகாலை வண்டி. வடக்கே எங்கோ.
தரை துடைத்துக்கொண்டிருந்த பையன் சொன்னான்:
"சிரிச்சுக்கிட்டுதான் போனார், மிஸ். வாயை மூடிக்கிட்டு."

புதுப் படிவம். புதுச் சிறையின் பெயர். அதே முத்திரை எண்.
பிறகு, கதவு திறந்துதானே கிடந்தது,
உள்ளே போய் மணியை அமுக்கினேன்.
விளக்கு எரிந்தது.
பையன் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.