நானூற்று நாற்பத்தைந்தாம் கதவு

போர்ட் லூயியில் புயல் எச்சரிக்கை இரண்டு.
மூன்றானால் அலுவலகத்தைப் பூட்டியாக வேண்டும்.
பூட்டுமுன் மதாம் கத்தபெருமாளுக்குச் சம்பளப் பட்டியல் வேண்டும்.
பட்டியலோ துறைமுகக் கிடங்கின் கணினியில்.
கிடங்குக்கும் எங்களுக்கும் நடுவில்
மாடிப்படிக்கு அடியே
துடைப்பத்தோடு குடித்தனம் நடத்தும்
பழைய லினக்ஸ் பெட்டி.

பிங் அடித்தேன்.
கிடங்கு உடனே 'உம்' கொட்டியது.
ஆள் உயிரோடுதான் இருக்கிறான்.
ஆனால் பகிர்ந்த கோப்புறைகளைத் தேடினால்
அந்தப் பெயரில் யாருமே இல்லை.

"வியாழக்கிழமை இருந்ததே!"
இருந்தது, மதாம்.
வெள்ளியன்றுதான் கிடங்கைத் தனி வலையாகப் பிரித்தேன்.
அதுவரை இரண்டும் ஒரே அறையில் கூவிக்கொண்டிருந்தன.
பெயர் சொல்லிக் கூவுவது
கூவும் அறைக்குள் மட்டும்தான் கேட்கும்.
கேட்வே கூச்சலைக் கடத்தாது.
கடிதத்தைக் கடத்தும்,
அதுவும் முகவரி இருந்தால்.

முகவரியை அடித்தேன், நான்கு எண்கள், மூன்று புள்ளிகள்.
நீல வட்டம் சுற்றியது.
சுற்றியது.
முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம்;
சொன்னால் கோபப்படவாவது ஒரு வரி கிடைக்கும்.

படிக்கட்டின் அடியில் குந்தி
விதிகளை வரிவரியாக வாசித்தேன்.
பதினான்காம் வரி:
நானூற்று நாற்பத்தைந்துக்கு யார் வந்தாலும்
பதில் சொல்லாமல் கீழே போடு.
பக்கத்தில் குறிப்பு: 'தற்காலிகம்.'
அதன்கீழ் என் முதலெழுத்துகள்.
மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

அந்த வைரஸ் வந்த வாரம் எழுதியது.
மறுப்பதைவிட மௌனம் பத்திரம்,
கதவு இருப்பதே திருடனுக்குத் தெரியாது என்று
எங்கோ படித்திருந்தேன்.
திருடனுக்கு வைத்த மௌனம்
இப்போது கைப்பையை மடியில் வைத்துக் காத்திருக்கும்
ஒரு கணக்காளர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அவர் கணினியிலிருந்து
அந்த ஒரு கணினிக்கு
அந்த ஒரு கதவு.
வேறெவருக்கும் இல்லை.
திறந்தேன்.

கோப்புறையில் மூன்று இருந்தன:
சம்பளம், சம்பளம் இறுதி, சம்பளம் இறுதி 2.
எது உண்மையான இறுதி என்று
எந்த லினக்ஸும் சொல்லாது.
மதாம் மூன்றையும் அச்சடித்தார்.

நாற்பத்தொரு பேர். நானும் இருந்தேன்.
வேலாயுதன் என்று கப்பலேறிய பெயர்
இறங்கியபோது எழுத்தர் காதில் விழுந்தபடி வலைதோன் ஆயிற்று.
தமிழ் வகுப்பில் ஒருவன் அதை 'வலையுடன்' என்று படித்தான்.
என் வேலைக்குப் பொருத்தம்தான்.
பட்டியலில் அதையும் தவறாகத்தான் அடித்திருந்தார்கள்.
பக்கத்தில் 0317 சரியாக இருந்தது.
பணம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வானொலி எச்சரிக்கை மூன்று என்றது.
புயலை அதன் பெயர் சொல்லியே கூப்பிட்டது,
தெரிந்த வீட்டுப் பெண்ணைப் போல.
மதாம் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

புது விதிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும்.
'தற்காலிகம்' என்று அடித்து,
அழித்து,
மறுபடி அதையே அடித்தேன்.

பிறகு பெட்டியைத் தூக்கி
ஒரு காலி பியர் கிரேட்டின் மேல் வைத்தேன்.
தண்ணீர் வந்தால்
படிக்கட்டின் அடிக்குத்தான் முதலில் வரும்.
அதற்கு எந்த முகவரியும் வேண்டாம்.